பால்கனில் யார் யார்? இனங்களும் மொழிகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள், சும்மா வரைபடம் பார்ப்பவர்கள் என்று பலரும் தென்கிழக்கு ஐரோப்பாவை ஒரே அட்டவணையில் அடக்கித் தரச் சொல்கிறார்கள். மொழிகளுக்கு அட்டவணை போட்டுவிடலாம். மக்களுக்குப் போடுவதுதான் சிக்கல். தாய்மொழி ஒரு மாதிரி பிரிக்கும், சமயம் வேறு மாதிரி பிரிக்கும், அரசு இன்னொரு மாதிரி பிரிக்கும், ஆட்களைக் கேட்டால் அவர்கள் சொல்வது இந்த மூன்றோடும் ஒட்டாமல் இருக்கும். எந்த அளவுகோல் யார் கையில் இருந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்தெந்த நாடுகளைச் சொல்கிறீர்கள்?

ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா-ஹெர்செகோவினா, செர்பியா, மாண்டினீக்ரோ, கொசோவோ, வடக்கு மாசிடோனியா, அல்பேனியா, கிரீஸ், பல்கேரியா, ருமேனியா, மால்டோவா, அப்புறம் துருக்கியின் ஐரோப்பியப் பகுதி. ஸ்லோவேனியர்கள் பலருக்குத் தங்களைப் பால்கன் என்று சொன்னால் பிடிக்காது. அந்தச் சண்டைக்குள் இங்கே போக வேண்டாம்.

மொழிகளை மட்டும் முதலில் பிரித்துக் காட்டுங்களேன்?

பெரும்பாலானவை இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். அதற்குள் தென்ஸ்லாவிய மொழிகள் மேற்கே ஸ்லோவேனியனில் தொடங்கி, குரோஷியன், போஸ்னியன், மாண்டினீக்ரன், செர்பியன், மாசிடோனியன் வழியாகக் கிழக்கே பல்கேரியன் வரை நீள்கின்றன. ஊர் ஊராக நடந்து போனால் பக்கத்து ஊர்ப் பேச்சு எங்குமே புரியாமல் போகாது. இரு கோடியில் இருப்பவர்களை நேரே சந்திக்க வைத்தால்தான் திணறுவார்கள்.

கிரேக்கம் தனிக் கிளை. அல்பேனியமும் தனிக் கிளை. ருமேனியன் லத்தீனிலிருந்து வந்தது. அதற்கு அரோமானியன், மெக்லேனோ-ருமேனியன், இஸ்ட்ரோ-ருமேனியன் என்று சிறிய உறவு மொழிகள் மூன்று உண்டு. கடைசியாகச் சொன்னது குரோஷியாவின் இஸ்ட்ரியா தீபகற்பத்தில் சில ஊர்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ரோமா மக்கள் பேசும் ரோமானி இந்தோ-ஆரியக் கிளையைச் சேர்ந்தது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் கொண்டுவந்த யூத-ஸ்பானியம் இன்று கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக்கு வெளியே துருக்கியும், மால்டோவாவில் பேசும் ககாவுஸும் துருக்கிய மொழிகள், ஹங்கேரியன் யூராலியக் குடும்பம்.

இவை எவ்வளவு நெருங்கி வாழ்கின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: செர்பியாவின் வொய்வோதினா மாகாணத்தில் மட்டும் செர்பியன், ஹங்கேரியன், ஸ்லோவாக், ருமேனியன், குரோஷியன், ருசின் என ஆறு ஆட்சிமொழிகள்.

அப்படியானால் மொழியை வைத்தே இனத்தைப் பிரித்துவிடலாமே?

பிரிக்கலாம். ஆனால் அங்குள்ள அரசுகளே பல நேரம் அப்படிப் பிரிக்கவில்லை. 1923-இல் கிரீஸும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது என்ன நடந்தது என்று பாருங்கள். லோசான் நகரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி ‘கிரேக்கர்’ கிரீஸுக்குப் போக வேண்டும், ‘துருக்கியர்’ துருக்கிக்கு வர வேண்டும் என்றுதான் நாம் படிக்கிறோம். ஒப்பந்தத்தில் இருந்த அளவுகோல் சமயம். துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், கிரீஸில் இருந்த முஸ்லிம்கள், அவ்வளவுதான்.

விளைவு என்ன? துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் உட்பகுதியில் கரமான்லிகள் என்ற மக்கள் இருந்தார்கள். பேச்சு துருக்கி மொழி, எழுத்து கிரேக்க எழுத்து, சமயம் ஆர்த்தடாக்ஸ். கிரேக்கம் பேசத் தெரியாத இவர்களைக் கிரீஸுக்கு அனுப்பினார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் மட்டுமே பேசிவந்த முஸ்லிம்கள் துருக்கிக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும், மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களும் இடம் மாறினார்கள். இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும், கிரீஸின் வடகிழக்கு மூலையான மேற்குத் திரேஸின் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. அந்த மேற்குத் திரேஸில் துருக்கி பேசுபவர்கள், பல்கேரிய வகைப் பேச்சுள்ள பொமாக்குகள், ரோமாக்கள் என்று பலர் இருந்தாலும், கிரீஸ் இன்றும் அவர்களை ஒரே ‘முஸ்லிம் சிறுபான்மை’ என்றுதான் அங்கீகரிக்கிறது.

சமயத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பால்கனின் பெரும்பகுதியை நூற்றாண்டுகளாக ஆண்ட துருக்கியப் பேரரசான உதுமானிய ஆட்சி மக்களைச் சமயச் சமூகங்களாக, அதாவது மில்லத்துகளாகக் கணக்கு வைத்தது. கிரேக்கம் பேசினாலும் பல்கேரியன் பேசினாலும் அல்பேனியம் பேசினாலும், ஆர்த்தடாக்ஸ் என்றால் ‘ரூம்’ மில்லத். திருமணம், வாரிசுரிமை, பள்ளிக்கூடம் எல்லாம் அதன் வழியாகத்தான். முஸ்லிம் என்றால் வேறு பட்டியல். அங்கேயும் மொழியை யாரும் கேட்கவில்லை.

1870-இல் சுல்தானின் ஆணையால் பல்கேரியர்களுக்குத் தனித் திருச்சபை கிடைத்தது. அந்த ஆணையில் ஒரு விதி: வேறு பகுதிகளில் ஆர்த்தடாக்ஸ் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் அவர்களும் இதில் சேரலாம். இதைவிடப் பெரிய தேர்தல் பிரசார அழைப்பு வேண்டுமா? மாசிடோனியப் பகுதியில் கிரீஸ், பல்கேரியா, செர்பியா மூன்று தரப்பும் பள்ளிக்கூடங்களையும் பாதிரியார்களையும் அனுப்பிப் போட்டி போட்டன. ஒரே வீட்டில் படித்த பள்ளியைப் பொறுத்து அண்ணன் கிரேக்கனாகவும் தம்பி பல்கேரியனாகவும் இருந்ததை அக்காலப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டில் எல்லோரும் பேசியது ஒரே ஸ்லாவியப் பேச்சு.

செர்பியன், குரோஷியன், போஸ்னியன், மாண்டினீக்ரன்: ஒரு மொழியா, நான்கா?

இந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்கத்தான் வருகிறார்கள். மொழியியல்படி ஒரு மொழி, நான்கு தர வடிவங்கள் (பள்ளிக்கும் செய்திக்கும் சீர்ப்படுத்திய வடிவங்கள்). சட்டப்படி நான்கு மொழிகள். இரண்டு பதிலும் சரி.

கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம். ‘என்ன’ என்பதற்கு ‘ஷ்தோ’ என்பவர்கள், ‘காய்’ என்பவர்கள், ‘ச்சா’ என்பவர்கள் என்று மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு. நான்கு தர மொழிகளும் முதல் வழக்கிலிருந்தே வந்தவை. இதில் ஒரு வேடிக்கை: ஜாக்ரெப் வட்டாரத்துக் ‘காய்’ வழக்கையும், அட்ரியாட்டிக் கடற்கரைச் ‘ச்சா’ வழக்கையும் ஒரு பெல்கிரேடுக்காரர் புரிந்துகொள்வது கடினம். அவை இரண்டும் குரோஷியனின் வழக்குகள் என்றே கணக்கு. ஆனால் குரோஷியன் செய்தி வாசிப்பு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

வேறுபாடு இல்லையா என்றால், இருக்கிறது. ரொட்டி குரோஷியனில் ‘க்ருஹ்’, செர்பியனில் ‘ஹ்லெப்’. ரயில் அங்கே ‘விலாக்’, இங்கே ‘வோஸ்’. ஆயிரம் அங்கே ‘திசுச்சா’, இங்கே ‘ஹில்யாதா’. பால் செர்பியாவில் ‘ம்லெகோ’, மற்ற மூன்றிலும் ‘ம்லியெகோ’. மாதப் பெயர்களைக் குரோஷியன் பழைய ஸ்லாவியச் சொற்களில் சொல்லும், செர்பியன் ‘யானுவார், ஃபெப்ருவார்’ என்று போகும். செர்பியனுக்கு சிரிலிக் (ரஷ்ய மொழிக்கும் பயன்படும் எழுத்து), லத்தீன் இரண்டு எழுத்தும் உண்டு. குரோஷியனுக்கு லத்தீன் மட்டும்.

1850-இல் வியன்னாவில் செர்பிய, குரோஷிய அறிஞர்கள் கூடிப் பொது எழுத்துமொழிக்கு ஒப்புக்கொண்டார்கள். 1954-இல் நோவி சாத் நகரில் இது ஒரே மொழி என்று மறுபடியும் அறிவித்தார்கள். 1967-இல் ஜாக்ரெப் அறிஞர்கள் குரோஷியனுக்குத் தனிப் பெயர் கேட்டு அறிக்கை விட்டார்கள். இந்த நான்கு நாடுகளும் அடங்கியிருந்த யூகோஸ்லாவியா 1990-களில் போர்களோடு உடைந்ததும் நாட்டுக்கு ஒரு மொழி என்றானது. மாண்டினீக்ரோ 2009-இல் இரண்டு புதிய எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் போர்களின் குற்றங்களை விசாரித்த ஹேக் நீதிமன்றம் இதில் தலையைக் கொடுக்காமல், போஸ்னியன், குரோஷியன், செர்பியன் என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பி.சி.எஸ்.’ என்று ஒரே மொழியாக வைத்துக்கொண்டது. 2017-இல் நான்கு நாட்டு எழுத்தாளர்களும் மொழியியலாளர்களும் இது பொது மொழிதான் என்று சரயேவோவில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எந்த அரசும் கண்டுகொள்ளவில்லை.

போஸ்னியாவில் விற்கும் சிகரெட் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘புகைபிடித்தல் கொல்லும்’ என்ற எச்சரிக்கையை மூன்று மொழிகளுக்காக மூன்று முறை அச்சிட்டார்கள். போஸ்னியன் வரியும் குரோஷியன் வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. செர்பியன் வரியும் அதே சொற்கள்தான், சிரிலிக்கில்.

போஸ்னியரும் போஸ்னியாக்கும் ஒன்றா?

இல்லை. தமிழ்ச் செய்திகளில் அதிகம் தவறுவது இங்கேதான். போஸ்னியர் என்றால் அந்த நாட்டில் வாழும் யாரும். போஸ்னியாக் என்றால் அங்குள்ள முஸ்லிம் பின்னணி கொண்ட ஸ்லாவிய மக்கள். போஸ்னியாவில் உள்ள செர்பியரும் குரோஷியரும் போஸ்னியர்கள், ஆனால் போஸ்னியாக்குகள் இல்லை.

இந்தப் பெயர் வந்து சேர்ந்த வழியும் நீளமானது. 1948 கணக்கெடுப்பில் இவர்கள் ‘செர்பிய முஸ்லிம்’, ‘குரோஷிய முஸ்லிம்’, அல்லது ‘இனம் தீர்மானிக்காத முஸ்லிம்’. பெரும்பாலோர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1953-இல் ‘இனம் தீர்மானிக்காத யூகோஸ்லாவியர்’. 1961-இல் ‘இன அடிப்படையில் முஸ்லிம்’. 1971-இல் ‘தேசிய இனம் என்ற பொருளில் முஸ்லிம்’. அந்த மொழியில் பெரிய எழுத்தில் தொடங்கினால் இனம், சின்ன எழுத்தில் தொடங்கினால் சமயம் என்று வைத்துக்கொண்டார்கள்; கடவுளை நம்பாத கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் ஒருவர் பெரிய எழுத்து முஸ்லிமாக இருப்பது அங்கே சகஜம். 1993-இல், போருக்கு நடுவில், போஸ்னியாக் என்ற பெயரை ஏற்றார்கள்.

பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு என்ன ஆகும்?

போஸ்னியாவின் அரசியல் சாசனம், போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்தின் இணைப்பாக எழுதப்பட்டது. அதில் போஸ்னியாக்குகள், செர்பியர்கள், குரோஷியர்கள் என மூன்று ‘நிறுவு மக்கள்’ (அரசை நிறுவியவர்களாக ஏற்கப்பட்டவர்கள்), மீதிப் பேர் ‘மற்றவர்கள்’. மூன்று பேர் கொண்ட குடியரசுத் தலைமைக்கு இந்த மூன்றில் ஒன்றைச் சேர்ந்தவர்தான் போட்டியிட முடியும். ரோமா இனத்தவரான தெர்வோ செய்திச்சும் யூதரான யாகோப் ஃபின்ட்சியும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009 டிசம்பரில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் தேர்தல்கள் பழைய விதிப்படியே நடந்திருக்கின்றன. வகைப்படுத்தல் வெறும் ஏட்டு விவகாரம் என்று யாராவது சொன்னால் இந்த வழக்கைக் காட்டுங்கள்.

மாசிடோனியன் தனி மொழியா, பல்கேரியனின் வட்டார வழக்கா?

தனித் தர மொழி. 1944-இல் ஆட்சிமொழியாக அறிவித்து, 1945-இல் எழுத்தும் எழுத்துக்கூட்டலும் வகுத்தார்கள். அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட மத்திய வட்டாரப் பேச்சு பல்கேரியனுக்கு மிக நெருக்கம் என்பதும் உண்மை. அந்த நெருக்கத்தைக் காட்டி இது தங்கள் மொழியின் வடிவம் என்கிறது பல்கேரியா. 2020-இல் வடக்கு மாசிடோனியாவின் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தையைத் தடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கிரீஸின் மனக்குறை வேறு: பழைய அலெக்சாண்டரின் பெயரை ஸ்லாவியர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது. 2018 ப்ரெஸ்பா ஒப்பந்தத்தில் நாட்டின் பெயரோடு ‘வடக்கு’ சேர்ந்தது, மாசிடோனியன் தென்ஸ்லாவிய மொழி என்பதும் எழுத்தில் பதிவானது. என் கருத்தைக் கேட்டால், இலக்கணமும் பள்ளிப் பாடநூலும் நாளிதழும் தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்களும் உள்ள ஒன்றை வட்டார வழக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

அல்பேனியர்கள் முஸ்லிம்கள்தானே?

பெரும்பான்மையினர் முஸ்லிம் பின்னணி. ஆனால் தெற்கே ஆர்த்தடாக்ஸ், வடக்கே கத்தோலிக்கர், அதோடு பெக்தாஷி சூஃபி மரபினர் என்று எல்லோரும் உண்டு. இங்கே மொழிதான் ஒட்டவைக்கும் பசை. 1908-இல் மனாஸ்திர் நகரில் (இன்றைய பிதோலா) கூடி லத்தீன் எழுத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்: அரபு எழுத்து முஸ்லிம்களுடையது, கிரேக்க எழுத்து ஆர்த்தடாக்ஸ்காரர்களுடையது என்று பிரிந்துவிடக் கூடாது. ஷ்கும்பின் ஆற்றுக்கு வடக்கே கெக் வழக்கு, தெற்கே தோஸ்க் வழக்கு. இன்றைய தர மொழி தோஸ்க்கை ஒட்டியது. கொசோவோ அல்பேனியர்கள் வீட்டில் பேசுவது கெக்.

விளாக்குகள் என்று படிக்கிறோமே, யார் அவர்கள்?

லத்தீன்வழி மொழி பேசிய மேய்ச்சல்காரர்களையும் வணிகர்களையும் மற்றவர்கள் அழைத்த பெயர். இன்று பெரும்பாலும் அரோமானியர்களைக் குறிக்கும். இவர்களை ருமேனியா ருமேனியர் என்கிறது, கிரீஸ் லத்தீன் பேசும் கிரேக்கர் என்கிறது, வடக்கு மாசிடோனியா தனி மக்களாகச் சாசனத்தில் குறிப்பிடுகிறது. உதுமானியர்கள் 1905-இல் தனிச் சமூகமாக ஏற்றார்கள். ஒரே மக்கள், எல்லைக்கு எல்லை வேறு பெயர்.

ரோமாக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது உறுதியா? நரிக்குறவர்களோடு உறவு உண்டா?

முதல் பாதி உறுதி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மொழியை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள். ரோமானியில் எண்ணிப் பாருங்கள்: யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ். இந்தி தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். அடுத்து எஃப்தா, ஓக்தோ, எஞ்ஞா. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் கிரேக்கம்! பத்துக்கு மறுபடியும் இந்திய ‘தெஷ்’. கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசில் நீண்ட காலம் தங்கியதற்கான தடயம் இது. குதிரைக்கு அவர்கள் சொல்லும் ‘க்ராஸ்த்’ ஆர்மேனிய மொழியிலிருந்து வந்தது.

நரிக்குறவர்கள் பேசும் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழிதான், குஜராத்திக்கு நெருக்கமானது. இரண்டுக்கும் உள்ள உறவு அந்த அளவில் நின்றுவிடுகிறது. இரு மக்களுக்கும் ‘ஜிப்ஸி’ என்று பெயர் ஒட்டியது மற்றவர்கள் செய்த வேலை.

கொசோவோவில் இன்னொரு நுணுக்கம். அங்கே அல்பேனியம் பேசும் அஷ்காலிகளும் ‘எகிப்தியர்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வெளியார் இவர்களை ரோமா என்பார்கள், இவர்கள் மறுப்பார்கள். 120 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் மூன்று பெயர்களையும் தனித்தனியே குறிப்பிட்டுச் சேர்த்து நான்கு இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள்.

வெவ்வேறு குடும்ப மொழிகள் ஒன்றுபோல இருப்பதாகச் சொல்கிறார்களே?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அல்பேனியம், ருமேனியன், பல்கேரியன் மூன்றும் வேறு வேறு கிளைகள். ஆனால் சொல் மூன்று வகை, இலக்கணம் ஒரு வகை என்னும்படி இருப்பதை ஸ்லோவேனிய அறிஞர் கோபிதார் 1829-இலேயே கவனித்தார். ‘மனிதன்’ ருமேனியனில் ஓம். ‘அந்த மனிதன்’ ஓமுல். மாசிடோனியனில் ச்சொவெக், ச்சொவெகோத். அல்பேனியத்தில் ந்யெரி, ந்யெரியு. ‘அந்த’ என்பது சொல்லின் வாலில் ஒட்டுகிறது. மற்ற ஸ்லாவிய மொழிகளிலும் மற்ற லத்தீன்வழி மொழிகளிலும் இது வழக்கமில்லை. ‘எழுத’ போன்ற வினையெச்ச வடிவமும் இங்கே தேய்ந்து போனது. ‘எழுத விரும்புகிறேன்’ என்பதைக் குரோஷியர் ‘ஹொச்சு பிசாதி’ என்று அந்த வடிவத்தோடு சொல்வார். செர்பியர் ‘ஹொச்சு தா பிஷெம்’ என்று, நான் எழுதுகிறேன் என்பதை முழு வாக்கியமாகவே வைப்பார். பல்கேரியரும் கிரேக்கரும் அப்படியே.

தமிழ் வாசகருக்கு ஒன்று சட்டென்று பிடிபடும். ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் நாம் காட்டும் வேறுபாட்டைப் பல்கேரியன் தன் வினைச்சொல்லிலேயே காட்டும்: பார்த்தவர் ‘தொய்தே’ என்பார், கேள்விப்பட்டவர் ‘தொஷால்’ என்பார். துருக்கியில் ‘கெல்தி’, ‘கெல்மிஷ்’. பக்கத்து மொழியிடமிருந்து வந்த பழக்கம் என்பது பலரின் கருத்து. நூற்றாண்டுகளாக இரண்டு மூன்று மொழிகளை ஒரே வாயில் பேசிய மக்களிடம் இலக்கணம் இப்படிக் கலந்துவிடும். இந்தியாவும் இப்படிப்பட்ட மொழிப் பரப்பு என்று 1956-இல் எழுதிய மொழியியலாளர் எமனோ, நீலகிரியில் தோடர் மொழியை ஆராய்ந்தவர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பலாமா?

கணக்கு சரியாக இருக்கலாம். அது எதை அளக்கிறது என்று பாருங்கள். மாண்டினீக்ரோவில் 1991-இல் தங்களை மாண்டினீக்ரர் என்றவர்கள் ஏறத்தாழ 62 சதவீதம், செர்பியர் என்றவர்கள் 9 சதவீதம். 2003-இல் அதுவே 43, 32. பெரும் குடிபெயர்ச்சி இதற்குக் காரணமில்லை. அதே ஆட்கள், அதே வீடு, வேறு பதில். 1981-இல் யூகோஸ்லாவியர் என்று எழுதியவர்கள் 12 லட்சம் பேர். 2022-இல் செர்பியாவில் அப்படி எழுதியவர்கள் 27,000 சொச்சம்.

கேட்காமலே விடுவதும் ஒரு வழி. கிரீஸ் 1951-க்குப் பிறகு கணக்கெடுப்பில் தாய்மொழியைக் கேட்கவில்லை. பல்கேரியா 1984-85-இல் துருக்கியர்களின் பெயர்களையே ஸ்லாவியப் பெயர்களாகக் கட்டாயமாக மாற்றி, நாட்டில் துருக்கியரே இல்லை என்றது. 1989-இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்குக் கிளம்பினார்கள். வடக்கு மாசிடோனியாவில் அல்பேனியர் கிளர்ச்சியை முடித்த 2001 ஓஹ்ரித் ஒப்பந்தம் 20 சதவீதத்தைத் தாண்டிய சமூகத்துக்கு மொழி உரிமை தந்தது. அதனால் வெளிநாட்டில் வேலை செய்பவர்களை எண்ணுவதா வேண்டாமா என்பதே பெரிய தகராறு. 2011 கணக்கெடுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, 2021-இல்தான் முடித்தார்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய இன வரைபடங்களைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், யார் வரைந்தது என்று பார்த்துவிட்டு. ஜெர்மானியப் புவியியலாளர் கீப்பர்ட்டின் 1876 வரைபடத்தில் மாசிடோனியாவின் பெரும்பகுதி பல்கேரிய நிறம். செர்பியப் புவியியலாளர் ஸ்வியிச் வரைந்ததில் அங்கே ‘மாசிடோ-ஸ்லாவியர்’ என்று தனி நிறம். மலைக்காட்டில் ஆளே இல்லாத இடத்துக்கும் நிறம் உண்டு. மாறாக, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெசலோனிக்கி நகரின் மிகப் பெரிய சமூகம் யூத-ஸ்பானியம் பேசிய யூதர்கள். நிறம் தீட்டிய வரைபடத்தில் அவர்களுக்கு ஒரு புள்ளிகூடத் தேறாது. 1943-இல் அந்த நகரிலிருந்து 40,000-க்கும் மேற்பட்ட யூதர்களை ஆஷ்விட்சுக்கு ரயிலேற்றினார்கள்.

டி.என்.ஏ. சோதனை பதில் சொல்லாதா?

வேறு கேள்விக்குப் பதில் சொல்லும். ரோமப் பேரரசுக் காலத்துக்குப் பிறகு வடக்கிலிருந்து வந்த குடியேற்றம் இன்றைய பால்கன் மக்களின் மரபில் 30 முதல் 60 சதவீதம் வரை பங்களித்திருப்பதாக 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஸ்லாவிய மொழி பேசாதவர்களிடமும் அந்தப் பங்கு இருக்கிறது. பல்கேரியர் என்ற பெயரே 7-ஆம் நூற்றாண்டில் அரசு அமைத்த துருக்கிய மொழிக்கூட்டம் ஒன்றின் பெயர். பெயர் மட்டும் நின்றது, மொழி ஸ்லாவியமாகிவிட்டது.

மால்டோவாவின் மொழியைத் தேர்வில் ‘மால்டோவன்’ என்று எழுதுவதா, ‘ருமேனியன்’ என்று எழுதுவதா?

ருமேனியன். 1994 சாசனம் ‘மால்டோவன்’ என்றது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டங்கள் எங்கும் அதை ‘ருமேனியன்’ என்று மாற்றிவிட்டது. பிரிந்து நிற்கும் திரான்ஸ்னிஸ்திரியாவில் மட்டும் இன்னும் சிரிலிக்கில் எழுதி ‘மால்டோவன்’ என்கிறார்கள். நாட்டு மக்களைக் குறிக்கும்போது மால்டோவர் என்பது சரியே. ககாவுஸ்களை அந்தக் கணக்கில் ருமேனியர் என்று சேர்த்துவிடாதீர்கள்: துருக்கிய மொழி, ஆர்த்தடாக்ஸ் சமயம், 1994 முதல் கொம்ராத்தைத் தலைநகராகக் கொண்ட தன்னாட்சிப் பகுதி.